சரிசெய்ய முடியாத இயங்குதளக் கோப்புகள்: ஃபார்மட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2014இல் வாங்கிய மேசைக் கணினியை வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 8.1 இருந்ததை 2016இல் இலவசமாக விண்டோஸ் 10க்கு மாற்றிக்கொண்டேன். சில மாதங்களாக ஸ்டார்ட் மெனு சரியாகத் திறப்பதில்லை. அப்டேட் பாதியில் நின்றுவிடுகிறது. சில நாள் காலையில் கடிகாரம் 2014ஆம் ஆண்டைக் காட்டுகிறது. விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டினால், சிதைந்த கோப்புகள் இருப்பதாகவும் சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை என்றும் வருகிறது. அதற்கு அடுத்த பழுதுநீக்கக் கருவியான டிஸ்ம் கட்டளை, மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று 0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை எண்ணுடன் நின்றுவிடுகிறது. எங்கள் பகுதியில் மின்வெட்டு அதிகம். யுபிஎஸ் பேட்டரியும் போய்விட்டது. கடைக்காரர் ஃபார்மட் செய்வதே வழி என்கிறார். பேரப்பிள்ளைகளின் படங்களும், கோயில் திருப்பணிக் குழுவுக்காகப் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கணக்குகளும் இதில்தான் உள்ளன. எஸ்எஃப்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாமா? ஃபார்மட் செய்துவிடலாமா? வாரம் ஒருமுறை எஸ்எஃப்சி ஓட்டினால் இனி இப்படி நேராமல் தடுக்க முடியுமா?

— தேனி மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, விடைகளுக்கு முன் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை எஸ்எஃப்சி, டிஸ்ம், டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஆகிய எந்தக் கட்டளையையும் மறுபடி ஓட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, கோப்புகளைச் சிதைத்த காரணம் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஓட்டப்படும் ஒவ்வொரு பழுதுநீக்கக் கட்டளையும், தளர்ந்துபோயிருக்கக்கூடிய ஒரு ஹார்ட் டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்கவும் எழுதவும் வைக்கிறது. விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். படங்களும் திருப்பணிக் கணக்கும் அப்படியல்ல. ஆகவே முதல் வேலை அவற்றை வெளியே எடுப்பதுதான்.

இதற்கு ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கோ, போதிய கொள்ளளவுள்ள பென் டிரைவோ போதும். விண்டோஸுக்குள் இருந்தபடியே நகலெடுக்கலாம் என்றாலும், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பின்னணியில் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பதால், லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தை இன்னொரு கணினியில் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு உங்கள் கணினியைத் தொடங்கி நகலெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அதில் எதையும் நிறுவத் தேவையில்லை. ‘முயன்று பார்’ என்ற நிலையிலேயே உங்கள் கோப்புறைகள் திறக்கும். விண்டோஸ் முழுமையாக அணைக்கப்படாமல் இருந்தால் படிக்க மட்டுமே முடியும் என்று அது சொல்லலாம். நமக்குப் படிக்க முடிந்தால் போதும். மிக முக்கியமான கோப்புறையை முதலில் எடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் நகல் உறைந்து நின்றால் அதனோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சீரான ஒலி கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது தரவு மீட்பு அறிந்தவர் கையாள வேண்டிய வேலை.

திருப்பணிக் கணக்கு குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். வானவில், பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்களில் உள்ளபடி சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகள்தாம் தெரியும். ஃபார்மட் செய்தபின் இப்படித் திகைத்துப்போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் ஆவணங்களோடு சேர்த்து நகலெடுங்கள். தட்டச்சுக்கு அழகி, என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற எந்த மென்பொருளை எந்த விசைப்பலகை அமைப்போடு பயன்படுத்தினீர்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

இனி, எஸ்எஃப்சி ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு வருவோம். விண்டோஸ் விஸ்டா காலம் முதல், இயங்குதளத்தின் கோப்புகள் எல்லாம் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒரு சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன. சிஸ்டம்32 கோப்புறையில் நாம் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலானவை தனி நகல்கள் அல்ல. ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்ததுபோல, டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்கும் தரவை இரண்டு பெயர்களால் அடைகிறோம். ஏதாவது ஒரு மென்பொருள் சிஸ்டம்32இல் உள்ள கோப்பை நீக்கிவிட்டுத் தன்னுடைய கோப்பை அங்கே வைத்துவிட்டால், சேமிப்பகத்தில் உள்ள மூலம் பழுதின்றி இருக்கும். எஸ்எஃப்சி அதை எடுத்துப் பழையபடி பொருத்திவிடும். ஆனால் டிஸ்க்கில் அந்த இடமே கெட்டிருந்தால் இரண்டு பெயர்களும் கெட்ட தரவையே காட்டும். அப்போது எஸ்எஃப்சிக்குப் பழுதைக் கண்டறியத் தெரியும், ஆனால் பழுது நீக்க நல்ல பிரதி இராது. ‘சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை’ என்ற அறிவிப்பின் பொருள் பெரும்பாலும் இதுதான். பத்து முறை ஓட்டினாலும் இல்லாத மூலம் வந்துவிடாது.

சேமிப்பகத்தையே சரிசெய்வதற்காகத்தான் விண்டோஸ் 8 முதல் டிஸ்ம் கட்டளையில் ரீஸ்டோர்ஹெல்த் என்ற வசதி வந்தது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் அந்தச் சொல்லை அடித்தால் அது தெரியாது என்றே பதில் வரும். வழக்கமாக இந்தக் கட்டளை மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் சேவையிலிருந்து நல்ல கோப்புகளைத் தரவிறக்கிக்கொள்கிறது. எனவே முதலில் டிஸ்ம், அது வெற்றியாக முடிந்த பிறகு எஸ்எஃப்சி என்பதே சரியான வரிசை. உங்கள் டிஸ்ம் தோற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்றை உங்கள் கடிதமே சொல்கிறது: கடிகாரம் 2014ஐக் காட்டும் நாளில், பாதுகாப்பான இணைய இணைப்புகளுக்கான சான்றிதழ்கள் ‘இன்னும் செல்லுபடியாகாதவை’ என்று கணினி முடிவு செய்து இணைப்பை மறுத்துவிடும். அப்டேட் பாதியில் நிற்பதற்கும் இதே காரணம் இருக்கக்கூடும். மதர்போர்டில் காசு போல இருக்கும் சிஆர்2032 என்ற பேட்டரி தீர்ந்திருக்கிறது. சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும் அதை மாற்றி, தேதியைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்க வேண்டும். மற்றொரு காரணத்தைக் கீழே ஐஎஸ்ஓ (விண்டோஸை நிறுவுவதற்கான கோப்பு) பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

ஆனால் அதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தாக வேண்டும். பத்தாண்டுக்கு மேல் சுழன்ற டிஸ்க் என்பதால் என் முதல் சந்தேகம் அதன்மீதுதான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் எண்களைக் காட்டும். மேலே நீல நிறத்தில் நன்று என்று இருந்தாலும் அதோடு நிறைவடையாமல், பட்டியலில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிசைகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் டிஸ்க் மாற்றிடம் கொடுத்த பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது மீட்க முடியாதவை. இந்த மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். 05 மட்டும் சிறிய எண்ணாக இருந்து, வாரக்கணக்கில் உயராமல் நின்றால் கவனத்தோடு பயன்படுத்தலாம். சி5இல் எண் இருந்தாலோ, நாளுக்கு நாள் ஏறினாலோ அந்த டிஸ்க்கில் பழுதுநீக்க முயல்வது வீண்; அதை மாற்றத்தான் வேண்டும். சி7 மட்டும் ஏறுமானால் குற்றம் டிஸ்க்கில் இல்லாமல் மதர்போர்டுக்கும் அதற்கும் இடையே உள்ள சாட்டா கேபிளில் இருக்கலாம். அதை மாற்றிப் பார்ப்பது எளிய வேலை. அந்தப் பத்தியில் எண்கள் பதினாறடிமானத்தில் காட்டப்படுகின்றன என்பதால் 10 என்று இருந்தால் 16 என்று கொள்ளுங்கள்.

நடந்தவற்றைப் பதிந்து காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியும் நல்ல சாட்சி. டிஸ்க் என்ற பெயரில் 7ஆம் எண் நிகழ்வு இருந்தால் கெட்ட பகுதி தட்டுப்பட்டிருக்கிறது. 153 இருந்தால் ஒரு முறையில் படிக்க முடியாமல் மறுபடி முயன்றிருக்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் பெயரில் 55 இருந்தால் கோப்பு முறைமையின் கட்டமைப்பே பழுதுபட்டிருக்கிறது. கெர்னல்-பவர் பெயரில் 41 என்பது முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றதைக் குறிக்கும்; உங்கள் ஊர் மின்வெட்டுகள் பெரும்பாலும் அங்கே வரிசையாக இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்டிஎஃப்எஸ் முறைமையின் பதிவேடு மின்தடைக்குப் பின் கோப்புறைகளின் அமைப்பைக் காப்பாற்றுமே தவிர, அந்த நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பாற்றாது. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால், பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளே பாதி வெறுமையாக இருக்கும் கோப்புகள் உருவாகும். எஸ்எஃப்சி கண்டுபிடிப்பது பல வேளைகளில் இத்தகைய கோப்புகளைத்தான்.

ராமையும் விட்டுவிடக் கூடாது. இதற்கு ஒரு நல்ல துப்பு இருக்கிறது. விண்டோஸ் கோப்புறைக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற கோப்புறையில் சிபிஎஸ் லாக் என்ற கோப்பு இருக்கும். அதன் நகலை டெஸ்க்டாப்பில் வைத்து நோட்பேடில் திறந்து, சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் எஸ்ஆர் என்று இருக்கும் வரிகளைத் தேடுங்கள். எஸ்எஃப்சி எந்தக் கோப்பைச் சரிசெய்ய முடியவில்லை என்பது அங்கே பெயரோடு இருக்கும். நீங்கள் ஓட்டிய ஒவ்வொரு முறையும் அதே கோப்புகளின் பெயர்கள் வந்திருந்தால் சேமிப்பகத்தில் உள்ள பழுது; ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர்கள் வந்திருந்தால் கோப்புகள் நன்றாகவே இருந்து, அவற்றைப் படிக்கும் வழியில் ராமோ கேபிளோ எண்களை மாற்றிவிடுகிறது என்று ஐயுற வேண்டும். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் முதல் பார்வைக்கு உதவும் என்றாலும், மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவது நம்பகமானது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். இரண்டு ராம் துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். பழுதான ராமோடு டிஸ்ம் ஓட்டினால், நல்ல கோப்பை இறக்கி, கெடுத்து, சேமிப்பகத்தில் வைத்துவிடும் அபாயம் உண்டு.

அதே லாக் கோப்பில் வரும் எல்லாப் பெயர்களும் உண்மையான பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2015இல் விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகும், 2019 ஜூலையில் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் புதிய பதிப்புக்குப் பிறகும், நல்ல கோப்புகளையே எஸ்எஃப்சி சிதைந்தவை என்று காட்டியதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. உங்கள் கணினியில் ஸ்டார்ட் மெனுவே திறக்காத நிலை இருப்பதால் இது அத்தகைய வெற்று எச்சரிக்கையாகத் தோன்றவில்லை. ஆனால் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அறிவிப்பைக் கண்டு அஞ்சும் வாசகர்கள், கோப்பின் பெயரைப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

டிஸ்க்கும் ராமும் தேறிவிட்டன என்றால் பழுதுநீக்கம் பொருளுள்ளதாகிறது. யுபிஎஸ்ஸுக்கு நல்ல பேட்டரி போட்ட பிறகு, நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து முதலில் செக்டிஸ்க்கை எஃப் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். கணினி மறுபடி தொடங்கும்போது அது நடக்கும். டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் படிக்கும் ஆர் என்ற தெரிவு 500 ஜிபி டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும். ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருந்தால் அது தேவையில்லை, அசுத்தமாக இருந்தால் அது தீங்கு. அடுத்து டிஸ்ம். அது 20 விழுக்காட்டிலோ 62 விழுக்காட்டிலோ நெடுநேரம் அசையாமல் நிற்பது வழக்கம்தான். பொறுமையிழந்து சாளரத்தை மூடிவிடாதீர்கள்.

தேதி சரியாக இருந்தும் அதே பிழை எண் வந்தால், விண்டோஸ் 10இன் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே இறக்கி, அதன் மீது இரட்டைச் சொடுக்குச் செய்தால் அது ஒரு டிவிடி போலத் திறக்கும். அதன் சோர்சஸ் கோப்புறையில் உள்ள இன்ஸ்டால் என்ற பெரிய கோப்பை மூலமாகக் காட்டி டிஸ்மை ஓட்டலாம். அந்த ஐஎஸ்ஓ உங்கள் கணினியில் உள்ள அதே பதிப்பு, அதே மொழி, அதே 32 அல்லது 64 பிட் வகையாக இருக்க வேண்டும். இங்கேதான் நான் மேலே குறிப்பிட்ட இரண்டாவது காரணம் வருகிறது. உங்கள் கணினியில் மாதந்தோறும் வந்த அப்டேட்டுகள் பல கோப்புகளைப் புதுப்பித்திருக்கும். ஐஎஸ்ஓவில் இருப்பவை அதற்கு முந்தியவை. சிதைந்தது புதிய பதிப்புக் கோப்பாக இருந்தால் பழைய மூலத்தில் அது கிடைக்காது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ‘மூலக் கோப்பு இல்லை’ என்றே வரும். பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அவசியமில்லை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஐஎஸ்ஓவைத் திறந்து செட்அப்பை இயக்கினால், உங்கள் கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதிதாக நிறுவும் தெரிவு கிடைக்கும். சேமிப்பகம் முழுவதும் புதிதாக எழுதப்படுவதால் எஸ்எஃப்சியாலும் டிஸ்மாலும் முடியாதது இதில் முடிந்துவிடுகிறது. சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். ‘தனிப்பட்ட கோப்புகளையும் செயலிகளையும் வைத்திரு’ என்ற பொருள்பட உள்ள தெரிவு மங்கலாகி, எதுவும் வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தால் பதிப்போ மொழியோ பொருந்தவில்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்தபின் அப்டேட்டுகளை மறுபடி இறக்க வேண்டும். உங்கள் நிலையில், இதுதான் என் முதன்மைப் பரிந்துரை.

ஒரே ஒரு டிஎல்எல் கோப்பை (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு) ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32இல் போடுவதும், ‘ஒரே சொடுக்கில் எல்லாப் பழுதும் நீங்கும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களை நிறுவுவதும் கூடவே கூடாது. அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, அதில் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

கடைக்காரர் சொல்வது ஒரு சூழலில் சரி: டிஸ்க் தேறவில்லை என்றால். ஆனால் அப்போதும் அந்த டிஸ்க்கையே ஃபார்மட் செய்யாமல், 240 அல்லது 256 ஜிபி கொண்ட ஒரு சாட்டா எஸ்எஸ்டியை (சுழலும் பாகமில்லாத டிஸ்க்) வாங்கி அதில் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே முழுநகல் எடுத்து க்ளோன் செய்தால் சிதைந்த கோப்புகளும் உடன் வந்துவிடும். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் பெற்ற உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைந்ததும் தானே செயல்பட்டுவிடும். ஆதலால் உரிமமற்ற நகலையோ, ஆக்டிவேட்டர் என்ற பெயரில் இயங்குதளக் கோப்புகளை மாற்றும் நிரலையோ போட வேண்டிய தேவை இல்லை என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். எஸ்எஸ்டியோடு ராமையும் 8 ஜிபியாக உயர்த்த முடிந்தால் இந்த வயதிலும் அந்தக் கணினி நன்றாகவே உழைக்கும்.

செலவிடும் முன் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவை வரும். அதற்கு விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டுக் கணினி விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் ப்ராசஸர் தேவையை நிறைவு செய்யாது. குழுக் கணக்கும் படங்களும் மட்டும் என்றால், அதற்குப் பின் லினக்ஸ் மின்ட்டையே நிறுவி, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸில் வேலை செய்யலாம். பழைய எழுத்துருக் கோப்புகளை அதிலும் நிறுவ முடியும். வங்கி வேலைகளை ஆதரவு நின்ற இயங்குதளத்தில் செய்ய வேண்டாம்.

வாரம் ஒருமுறை எஸ்எஃப்சி ஓட்டுவதால் எதையும் தடுக்க முடியாது. கெட்ட பிறகு சொல்வதே அதன் வேலை. அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை ஸ்மார்ட் எண்களைப் பார்த்து 05, சி5 ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். திருப்பணிக் கணக்கை ஒவ்வொரு முறை திருத்தியதும் வெளியே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரியை மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டு மறுபடி எழுதுவதானால், ஸ்மார்ட் பட்டியலின் படத்தையும் சிபிஎஸ் லாக்கில் உள்ள எஸ்ஆர் வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்; எந்தக் கோப்பு, எந்த இடத்தில் என்று பார்த்து, உங்கள் கணினிக்கே உரிய பதிலாக எழுதுகிறேன்.